ஆமென் சொல்லும் வரை

எலியேசர் கண்ணை மூடிவிட்டால் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடும். அவர் ஆமென் சொல்லும் வரை யாரும் பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பின் அந்த மாடி வீட்டில் பால் பலமுறை பொங்கியிருக்கிறது. எலியேசரின் ஜெபம் சட்டென்று முடிகிற ரகமில்லை. பாளையங்கோட்டைச் சொந்தபந்தம், அலுவலகத்து மேலதிகாரி, எல்லையில் நிற்கிற ராணுவம், பெயர் தெரியாத தேசத்தில் பசித்திருக்கிற பிள்ளைகள் என்று உலகத்தைச் சுற்றிவிட்டுத்தான் அது வீட்டு வாசலுக்குத் திரும்பும்.

மகள் ஜூலியாவுக்கு இந்தச் சட்டம் தொட்டிலிலிருந்தே பாடம். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலை, ரிங் ரோட்டில் நகராமல் நின்ற டாக்ஸியின் பின் சீட்டில், பக்கத்தில் அப்பா கண்ணை மூடி உதட்டை அசைக்கத் தொடங்கியதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். மனசுக்குள் மட்டும் கொதித்தாள். சரியாக இந்த நேரம் பார்த்தா ஜெபம்?

அவளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. விமானம் ஏறுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

பாளையங்கோட்டையில் இருக்கிற அண்ணன் ஆரோனுக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஜூலியாதான் ஞானத்தாய். குழந்தையைக் கையில் ஏந்திச் சபைக்கு முன்னால் நிற்க வேண்டும். போதகர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் குழந்தைக்குப் பதிலாக, "விசுவாசிக்கிறேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தங்கைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று ஆரோன் அதையெல்லாம் குரல் பதிவாக அனுப்பியிருந்தான். ஜூலியா அதை ஒரே ஒரு முறை கேட்டாள். மறுமுறை கேட்கத் தைரியம் வரவில்லை. அவளுக்கு விசுவாசம் போய்ப் பல வருடமாகிவிட்டது.

காரில் வைத்துச் சொல்லிவிடலாம் என்பதுதான் அவள் போட்ட கணக்கு. வீட்டில் என்றால் அப்பா எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். காரில் எழுந்து எங்கே போவார்? நல்ல யோசனைதான். ஆனால் காரும் எங்கும் போகாது என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை.

மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் விமான நிலையச் சாலை. தினமும் போகிறவர்கள் பேச்சை முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அன்றைக்குப் பாலத்தின் இறக்கத்தில் மொத்த தில்லியும் வந்து அடைந்துகொண்டது. முன்னால் பச்சைப் பேருந்து, பின்னால் தண்ணீர் லாரி, இடப்பக்கம் பாலத்தின் கைப்பிடிச்சுவர், வலப்பக்கம் கையை நீட்டினால் தொடுகிற நெருக்கத்தில் இன்னொரு டாக்ஸி. திரும்ப வழியில்லை, ஒதுங்கவும் வழியில்லை. இன்ஜின் சூடேறுகிறது என்று டிரைவர் ஏ.சி.யை அணைத்துவிட்டார். மே மாதக் கடைசி. கண்ணாடியை இறக்கினால் அனல் வந்தது, ஏற்றினால் மூச்சு முட்டியது.

இத்தனைக்கும் காரணம் சர்பத்து.

சீக்கியர்கள் தங்கள் குருவின் நினைவு நாளில் சாலையோரம் மேசை போட்டு, பெரிய டிரம்மில் ஐஸ் மிதக்கிற ரோஜாப் பால் சர்பத்தைக் கலக்கி, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பார்கள். தில்லியில் அதற்குச் சபீல் என்று பெயர். பாலத்தடியில் ஒரு சபீல். குடிக்கிறவர்கள் வண்டியை அங்கங்கே நிறுத்திவிட்டுக் குடித்தார்கள். ஊற்றுகிறவர்களோ மேசையோடு நிற்காமல் ஜக்கும் கிளாஸுமாக வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஏறிவந்து கண்ணாடியைத் தட்டினார்கள்.

ஜூலியா பக்கத்துக் கண்ணாடியையும் ஆரஞ்சு துப்பட்டா போட்ட ஒரு பருத்த அம்மாள் வந்து தட்டினாள். ஜூலியாவுக்கு நாக்கு வறண்டிருந்தது. கை கண்ணாடிப் பொத்தானுக்குப் போனது.

"வேண்டாம்னு சொல்லு," என்று கிசுகிசுத்தாள் முன் சீட்டிலிருந்த அம்மா அக்னஸ். "நமக்கு ஆகாது. அப்பா பாத்தா வருத்தப்படுவாக."

அது இன்னொரு சட்டம். பக்கத்து வீட்டு லட்டோ கோயில் பொங்கலோ, வேறு சாமிக்குப் படைத்தது எதுவும் எலியேசர் வீட்டு வாசலைத் தாண்டாது. சண்டை போட மாட்டார். சிரித்த முகத்தோடு கும்பிட்டுவிட்டு, சர்க்கரை வியாதி என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். வியாதி வந்தபோது அந்தப் பொய் நிஜமாயிற்று, அவ்வளவுதான். அதன் பிறகு அக்னஸ் தன் பங்குக்கு வீட்டிலிருந்து இனிப்பையே நாடுகடத்திவிட்டாள். டப்பாவில் சீனி கிடையாது, பையில் ஒரு மிட்டாய் கிடையாது.

ஜூலியா கையை ஆட்டி மறுத்தாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. இந்தியில், "நான் திரும்பி வரும்போது வேணும்னா கேளு மகளே," என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

ஜூலியா அப்பாவைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இவர் இப்போது யாருக்காக ஜெபிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது. போக்குவரத்துக்காக இருக்காது. அவளுக்காகத்தான். அவள் ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக நின்று சொல்ல வேண்டும் என்று. அந்த ஜெபம் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. காருக்குள் அடைபட்டது போதாதென்று அப்பாவின் ஜெபத்துக்குள்ளும் அடைபட்டுக் கிடக்க வேண்டுமா?

அவளும் ஒருகாலத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபித்தவள்தான். மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்த பிறகும் இரவுப் பணிக்கு முன்னால் முழங்காலில் நிற்பாள். கொரோனாவின் இரண்டாவது அலையில் அது முடிந்தது. உறவினரை வார்டுக்குள் விடமாட்டார்கள். நர்ஸுகள்தான் கைப்பேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒருநாள், ராஞ்சியிலிருந்து ஒரு பெண் தன் கணவனுக்காக வீடியோவில் ஜெபித்தாள். கண்ணை மூடி, கையை உயர்த்தி, விடாமல் ஜெபித்தாள். பாதியிலேயே அவன் போய்விட்டான். ஜூலியா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆமென் சொல்லாமல் எப்படிக் குறுக்கே பேசுவது? வளர்ந்த வளர்ப்பு அப்படி. கை மரத்துப்போகும் வரை செத்தவன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் ஆமென் சொல்லி, கண்ணைத் திறந்து, புன்னகையோடு, "இப்போ எப்படி இருக்கார் சிஸ்டர்?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் பிறகு வீட்டு ஜெபத்தில் ஜூலியா உட்காருவாள், ஆனால் கண்ணை மூட மாட்டாள். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது திறந்திருப்பவளை யார் பார்க்கப் போகிறார்கள்?

பேருந்து ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது. விமானத்துக்கான நேரம் கரைந்துகொண்டிருந்தது. இனிப் பொறுக்க முடியாது என்று ஜூலியா துணிந்துவிட்டாள்.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

எலியேசர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏட்டி, ஜெபத்துல இருக்காகல்லா," என்று அக்னஸ் திரும்பாமலே அடிக்குரலில் அதட்டினாள். "சும்மா இரு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற."

"வெள்ளிக்கிழமைன்னா என்ன?"

அக்னஸ் சற்றுத் தயங்கினாள். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று நினைத்தாளோ என்னவோ, சொல்லிவிட்டாள். "உபவாசம். வெள்ளிக்கிழமை தோறும் இருக்காக. நீ டூட்டிக்குப் போயிருவே, உனக்குத் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. எல்லாம் உனக்காகத்தான்."

"இன்னைக்குமா? காலையில தட்டுல இட்லி வச்சிருந்தியே."

"வச்சேன். அவுக எங்க தின்னாக? நீ அந்தப் பக்கம் போனதும் எடுத்து எங்கிட்ட நீட்டிட்டாக."

ஜூலியா சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். காலையில் அவருக்கு இன்சுலின் ஊசியை அவளே போட்டிருந்தாள். வழக்கமாக அப்பா தானே போட்டுக்கொள்வார். உபவாச நாளில் சத்தமில்லாமல் அதை ஒதுக்கிவிடுவார் போல. இன்று அவருடைய மூக்குக்கண்ணாடி பயணப் பெட்டிக்குள் போய்விட்டதே என்று அவளே அளவு பார்த்து, கையைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டாள். அவர் முகம் ஒரு மாதிரி ஆனதைக் கவனித்தாள். ஊசி வலி என்று நினைத்தாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் உபவாசம் வெளியே வந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி மனுஷர் பேசாமல் இருந்திருக்கிறார். மகளுக்கு ஊசி தெரியும், உபவாசம் தெரியாது. மனைவிக்கு உபவாசம் தெரியும், ஊசி தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூலியா அவர் கையைப் பிடித்தாள். இந்த வெயிலில் அது சில்லிட்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதட்டருகே காதை வைத்துக் கேட்டாள்.

"சாவி எங்க... சாவி எங்க... பூட்டியாச்சா..."

அது ஜெபமே இல்லை.

"அப்பா!" என்று கத்தினாள். ஆமென் வரும் முன்னால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. எலியேசரின் தலை தோளில் சாய்ந்தது.

"சுகர் இறங்கிருச்சும்மா. சீனி, ஏதாவது இனிப்பு, சீக்கிரம்."

அக்னஸ் கைப்பையைக் கவிழ்த்தாள். எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் வந்தது. இனிப்பு மட்டும் இல்லை. அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இருக்க வேண்டிய குளுக்கோஸ் பொட்டலத்தை ஜூலியா துழாவினாள். உபவாச நாளில் சபலம் எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். டிரைவரிடம் கேட்டாள். அவரிடம் தண்ணீரும் புகையிலையும்தான் இருந்தன. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, டிரம் நிறைய சர்பத்து பாலத்தடியில் இருக்க, இவர்கள் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலியாவுக்கு உறைத்தது. கதவைத் தள்ளினாள். ஒரு சாண் திறந்து பக்கத்து டாக்ஸியில் இடித்து நின்றது. அந்தச் சந்தில் உடம்பை நுழைத்தாள். அவள் துப்பட்டா கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். பேருந்துக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்ந்து, பைக்குகளைத் தாண்டி, ஆரஞ்சு துப்பட்டாவைத் தேடிப் பிடித்தாள். இந்தியில் என்ன சொன்னாள் என்று பிற்பாடு அவளுக்கு நினைவில்லை. அந்த அம்மாள் கையிலிருந்த ஜக்கைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். பின்னாலேயே அந்த அம்மாளும், தலைப்பாகைக்காரர் இருவரும் ஓடிவந்தார்கள்.

முதலில் விரலை நனைத்து அப்பாவின் கன்னத்துக்குள் தேய்த்தாள். மயங்கிக் கிடப்பவர் வாயில் ஊற்றினால் புரையேறிவிடும், அது அவளுக்குத் தெரியும். விழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்தாள். கணக்கில்லாமல் எத்தனையோ பேர் தொண்டையைப் பார்த்தவள்தான், இந்தத் தொண்டை மட்டும் வேறாக இருந்தது.

"முழுங்குங்கப்பா. முழுங்குங்க. இன்னொரு சொட்டு. முழுங்குங்கப்பா."

பதில் இல்லை. மறுபடி விரல், மறுபடி அதே சொல். முன்னால் அக்னஸ் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முனகினாள். வெளியே சர்பத்து அம்மாள் அவளுடைய சாமியின் பெயரைச் சொன்னாள். ஜூலியா எந்தப் பெயரையும் சொல்லவில்லை. முழுங்குங்கப்பா என்பதைத் தவிர அவளிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை. கேட்கிறதோ இல்லையோ, நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்தாள்.

தொண்டை அசைந்தது.

அந்த அம்மாள் நீட்டிய கிளாஸில் ஊற்றி ஒரு மிடறு கொடுத்தாள். இறங்கியது. இன்னொன்று. பாதிக் கிளாஸ் முடிந்தபோது எலியேசர் கண்ணைத் திறந்து, முதல் வேலையாக, "வீட்டைப் பூட்டியாச்சா?" என்று கேட்டார். ஜூலியா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அக்னஸும் அழுதாள். தலைப்பாகைக்காரர்கள் அதற்குள் பக்கத்து டாக்ஸியை நெம்பித் தள்ளி, கதவு முழுசாகத் திறக்க வழி செய்திருந்தார்கள்.

டிக்கியிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து ஜூலியா அப்பாவின் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. அக்னஸ் இட்லியை ஊட்டினாள். எலியேசர் மறுப்புச் சொல்லவில்லை. நரைத்த மீசையில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைத் தொட்டு, நக்கிப் பார்த்தார்.

"இது என்னது?"

"குருத்துவாராக்காரங்க சர்பத்து," என்றாள் ஜூலியா. மறைக்கவில்லை. அக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

எலியேசர் கிளாஸைப் பார்த்தார். கதவோரம் இன்னும் மூச்சிரைக்க நின்ற ஆரஞ்சு துப்பட்டாவைப் பார்த்தார். "ஜெபம் பண்ணாம குடிச்சிட்டேனே," என்றார் மெதுவாக.

ஜூலியாவுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. "உயிரு போயிருக்கும்ப்பா. ஊசி போடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அது உபவாசம் இல்ல மக்கா."

"எனக்காகன்னு அம்மா சொல்லிட்டா. அதனால நானும் சொல்லிருதேன். ஞாயித்துக்கிழமை என்னால விசுவாசிக்கிறேன்னு சொல்ல முடியாது. பொய் சொல்லிட்டு அந்தப் பிள்ளையைத் தூக்க மாட்டேன். எனக்குப் போயிருச்சுப்பா. ரொம்ப நாளாச்சு."

இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது இவ்வளவு சின்னதாகவா வெளியே வரும் என்று அவளுக்கே ஆச்சரியம். அப்பாவின் முகம் இடிந்துபோகும் என்று காத்திருந்தாள்.

"தெரியும்," என்றார் எலியேசர்.

"எப்படித் தெரியும்?"

"நீதான் கண்ணை மூடுறதில்லையே."

"அது எப்படி உங்களுக்கு... நீங்க மூடியிருப்பீங்களே."

எலியேசர் திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளையைப் போல இட்லியைப் பார்த்தார். "நடுவுல ஒரு தடவ திறந்து பாப்பேன். தினமும்."

சட்டம் போட்டவரே இப்படி! அக்னஸ் வாய்பிளந்து கணவனைப் பார்த்தாள். ஜூலியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு இரவும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதாக நினைத்திருந்தாள். தனியாக இருக்கவில்லை.

"நீங்க மயங்கிக் கெடந்தப்போ இவ ஒரேயடியா கத்திட்டே இருந்தா," என்றாள் அக்னஸ். "முழுங்குங்கப்பா முழுங்குங்கப்பான்னு. என் ஜெபம்கூட அவ சத்தத்துல எனக்குக் கேக்கல."

எலியேசர் மகளைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"தெரியும்ப்பா. கேக்கலன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

"பதிலும் இல்ல?"

"இல்ல."

"ஆனா நிறுத்தல?"

"எப்படி நிறுத்துறது?"

எலியேசரின் கண்ணில் நீர் கோத்து, வழிந்து, மீசையிலிருந்த இளஞ்சிவப்போடு கலந்தது.

"போதகர் கேக்கும்போது அதையே சொல்லு, பதில் வரலன்னாலும் நிறுத்த மாட்டேன்னு," என்றார். "அவரு ஒத்துக்கிடலைன்னா நான் பேசிக்கிடுதேன்."

விமானம் அவர்கள் இல்லாமலே கிளம்பியிருக்கும். நாளைக்கு வேறொன்று இருக்கும். முன்னால் பேருந்து உறுமியது, ஆனால் நகரவில்லை. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஆரஞ்சு துப்பட்டா அம்மாள் இன்னொரு கிளாஸ் நிறைய ஊற்றி உள்ளே நீட்டினாள். எலியேசர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. வழக்கம்போல் தலையைக் குனிந்து கண்ணை மூடப்போனார்.

"அப்பா," என்று ஜூலியா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "இனிமே என் பக்கத்துல கண்ணைத் திறந்துட்டே ஜெபம் பண்ணுங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் யோசித்தார். பிறகு சரி என்று தலையாட்டி, கண்ணைத் திறந்தபடி, மகள் முகத்தைப் பார்த்தபடி ஜெபித்தார். வாழ்க்கையிலேயே சுருக்கமான ஜெபம் அது. ராணுவமும் வரவில்லை, மேலதிகாரியும் வரவில்லை. வெளியே நின்ற அந்த அம்மாள் மட்டும் வந்தாள். ஜூலியா இமைக்காமல் கேட்டாள். விரலுக்கடியில் அப்பாவின் நாடி சீராக அடித்தது.

அக்னஸ் ஒருத்திதான், பழக்கதோஷத்தில், இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.